எடெல்மிரா சுல்காவின் இருக்கை

சாட்சி சொல்ல வாருங்கள். லீமாவிலிருந்து மெக்சிக்கோ நகரத்துக்குப் போகும் நண்பகல் விமானத்தில் ஏறி, திரைச்சீலைக்கு முன்னால், பிசினஸ் கிளாஸின் நான்காம் வரிசையில், என் இருக்கைக்குப் பின்னே வந்து நில்லுங்கள். பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, ஒருவருடைய இடம் பறிக்கப்பட்டது. பறித்தவர் புன்னகையோடு பறித்தார். பறிகொடுத்தவர் "சரிங்க சென்யோரா" என்று சொல்லி எழுந்து போனார். பார்த்திருந்தவர்கள் பிஸ்கோ மதுவில் ஒரு மிடறு குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இதை அநீதி என்று நான் சொன்னால், "இதுகூடவா அநீதி?" என்று கேட்பவர்கள் நம் நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களையும் அழைத்து வாருங்கள். நெருக்கி நின்றால் இடம் கிடைக்கும்.

நான் அந்த வகுப்பில் பயணம் செய்யத் தகுதி பெற்றவள் அல்லள். வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கத்தின் பிரதிநிதிகளாக நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு மாநாட்டுக்குப் புறப்பட்டிருந்தோம். விமானத்தின் பின்பகுதியில் இருக்கைகளைவிட டிக்கெட்டுகள் கூடுதலாக விற்கப்பட்டிருந்தன. கணினி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரைப் பொறுக்கி முன்னால் எறிந்தது. அது என் பெயராக இருந்தது. எங்கள் சங்கத்தின் பொருளாளர் காவினா மமானி, விமான வாசலில் என் தோளைத் தட்டினார்.

"போங்க தோழர் செனோவியா, போங்க. மேடையில முதலாளி ஒழிகன்னு கத்தினீங்க. இப்ப முதலாளி சீட்ல படுத்துத் தூங்குங்க. எங்களுக்கு ரெண்டு பாதாம்பருப்பாச்சும் மிச்சம் வைங்க."

"நான் வேணும்னா மாட்டேன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லாதீங்க. எதிரியோட கோட்டை உள்ளே எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அதுவும் சங்க வேலைதான்."

கோட்டை மிக நன்றாகவே இருந்தது. லீமாவின் ஏழைப் புறநகரான கோமாஸில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் கட்டிலைவிட அகலமான இருக்கை. ஒரு பொத்தானை அழுத்தினால் முதுகு சாய்கிறது; இன்னொன்றை அழுத்தினால் கால் எழும்புகிறது; இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வர்க்க உணர்வும் சற்றே சாய்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. நான் அந்தப் பொத்தான்களோடு விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு முன்வரிசையில் எடெல்மிரா சுல்கா வந்து நின்றார்.

ஐம்பதை நெருங்கும் வயது. உருண்டையான, உறுதியான உடம்பு. இறுகப் பின்னிய சடை. உடுத்தியிருந்தது வெள்ளைச் சீருடை. அந்த வெள்ளையை நான் விளக்க வேண்டியதில்லை. பணக்காரர் வாழும் சான் இசித்ரோவின் பூங்காவில் குழந்தை வண்டி தள்ளுகிற வெள்ளை அது. கோடைக்கால கிளப்புகளில் நீச்சல் குளத்தின் ஓரத்திலேயே நின்று, நாள் முழுவதும் நனையாமல் வீடு திரும்புகிற வெள்ளை. அதன்மேல் நீலக் கரை வைத்த ஏப்ரன் வேறு. ஆகாயத்தில் யார் சமைக்கப் போகிறார்கள் என்று ஏப்ரன் கட்டி அழைத்து வந்தார்களோ, தெரியவில்லை. தோளில் அந்தோனெல்லா என்ற இரண்டு வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே குழந்தையின் தாய் ஹிமேனா, கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வந்தார். முப்பது வயதிருக்கும்.

மூன்று டிக்கெட்டுகள், மூன்று பெயர்கள். ஜன்னலோரம் எடெல்மிராவுக்கு; அதை அடுத்தது குழந்தைக்கு; நடைவழிக்கு அப்பால் இருந்தது தாய்க்கு. குழந்தையைத் தான் தொட வேண்டியிராது என்பதற்காகவே ஹிமேனா இப்படி ஏற்பாடு செய்திருந்தார். ஆனாலும் ஏற்பாடு ஏற்பாடுதான். அந்த ஜன்னலோர இருக்கைக்கு உரியவர் எடெல்மிரா சுல்கா என்று அச்சிட்டிருந்தது.

எடெல்மிரா குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"சென்யோரா, இதுல நான் உக்காரலாமா?"

"உக்காரு எடெல், வேற எங்க உக்காருவ? ஆனா பட்டனைக் கிட்டனை அமுக்கிடாத, எதுனா ஆயிடும்."

எடெல்மிரா உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய இருக்கையில் நான்கு விரல் அகலத்தில், விளிம்பில், பையை மடியில் வைத்துக்கொண்டு. வீட்டில் எஜமானி சென்யோராவின் சோபாவில் எப்படி உட்காரக் கூடாது என்று உடம்புக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்களோ, அப்படி.

விமானம் மேலே ஏறி நிமிர்ந்ததும் பணியாளர் வில்மர் வந்தார். மெலிந்த இளைஞர், வழித்து வாரிய முடி. தட்டில் சுருட்டி வைத்த சூடான ஈரத் துண்டுகள், எலுமிச்சை மணத்தோடு. மற்றவர்கள் கையைத் துடைத்தார்கள், முகத்தில் ஒற்றினார்கள். எடெல்மிராவின் கையில் துண்டு கிடைத்ததும் அது வேறு வழியில் போயிற்று. முதலில் குழந்தையின் முன்னிருந்த பலகை. பிறகு ஜன்னல் விளிம்பு. பிறகு இருக்கையின் கைப்பிடி. பிறகு எழுந்து, நடைவழியைத் தாண்டி, ஹிமேனாவின் கைப்பிடி. அந்தக் குனிந்த முதுகு ஓரக்கண்ணில் பட்டதும், ஹிமேனாவுக்கு அருகே ஜன்னலோரம் இருந்த தொன் லெயாந்த்ரோ என்ற பருத்த பெரியவர், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே தம் அழுக்குத் துண்டை அவர் கையில் வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்து முன்வரிசைக்காரர் வைத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஒரு நிமிடத்தில் பயணி எடெல்மிரா சுல்கா கை நிறைய ஈரத் துண்டுகளோடு நடுவழியில் நின்றார்.

வில்மர் சிரித்துவிட்டார். "அம்மா, என் வேலையைப் பறிக்காதீங்க. கொடுங்க இங்க."

"பழக்கம் தம்பி. கையில துணி கிடைச்சா சும்மா இருக்காது."

பழக்கம். அந்த ஒரு சொல்லின் மேல் எத்தனை மாளிகைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்று நான் கணக்குப் போடத் தொடங்கியபோது, திரைச்சீலை விலகியது.

வந்தவர் மரியா பியா, ஹிமேனாவின் பள்ளித் தோழி. தாமதமாக டிக்கெட் வாங்கியதால் பின்பகுதியில் எங்கள் பெண்களின் நடுவே இடம் கிடைத்திருந்தது. கணினி தம்மை விட்டுவிட்டு என்னைப் பொறுக்கியதில் அவருக்குக் கடுங்கோபம்; போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஹிமே, செத்துட்டேன். ரெண்டு பக்கமும் குண்டு குண்டா பொம்பளைங்க. வறுத்த சோளத்தை மென்னுக்கிட்டு ஒரே சிரிப்பு. முட்டியை மடக்கவும் முடியல, நீட்டவும் முடியல."

"ஐயோ பாவம். இரு, இரு." ஹிமேனா திரும்பினார். குரலில் கடுமை துளியும் இல்லை, தேன் ஒழுகியது. "எடெல், குழந்தை தூங்குறா இல்ல? நீ பின்னாடி போய் பியாவோட சீட்ல உக்காந்துக்கோ. அவ இங்க இருக்கட்டும். எழுந்தா கூப்பிடுறேன்."

"சரிங்க சென்யோரா."

வில்மர் தொண்டையைச் செருமினார். "சென்யோரா, பின்னாடி இருக்கிறவங்க முன்னாடி வரக் கூடாதுங்க. விதி அப்படி."

"ஒருத்தி வர்றா, ஒருத்தி போறா. கணக்கு சரியாத்தானே இருக்கு? இதுக்குப்போய் நான் புகார் எழுதணுமா?"

புகார் என்ற சொல்லைக் கேட்டதும் வில்மரின் முதுகெலும்பு, என் இருக்கையைப் போலவே, ஒரு பொத்தானில் சாய்ந்தது. நான் எழுந்தேன்.

"அம்மணி, அது அவங்க சீட்."

"டிக்கெட் வாங்கினது நாங்க."

"வாங்கினது நீங்க. பேர் அவங்களுது."

ஹிமேனா என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். விவரம் தெரியாத ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க. எடெல் எங்க வீட்டு வேலைக்காரியே இல்ல. குடும்பத்துல ஒருத்தி மாதிரி."

கேட்டீர்களா? குடும்பத்தில் ஒருத்தி மாதிரி. எந்தக் குடும்பத்தில் அம்மா, எல்லோரும் உண்ட பிறகு ஒருத்தி மட்டும் அடுப்படியில் நின்றுகொண்டு உண்கிறாள்? எந்தக் குடும்பத்தில் ஒருத்திக்கு மட்டும் தனிக் குவளை, தனிக் கழிப்பறை, வாசலுக்குத் தனி வழி? எந்தச் சகோதரியை நீங்கள் மணியடித்துக் கூப்பிடுகிறீர்கள்? "மாதிரி" என்ற அந்த வாலை வெட்டி எறிந்துவிட்டு ஒரு நாளாவது அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்காது. இவையெல்லாம் என் வாயில் திரண்டு நின்றன. அதற்குள் எடெல்மிரா என் கையை மெல்லத் தொட்டார்.

"வேணாம்மா. எனக்காகச் சண்டை போடாதீங்க. போற இடத்துல எனக்குத்தான் கஷ்டம்."

பையை எடுத்துக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் போனார். மரியா பியா இருக்கையில் சரிந்து, எல்லாப் பொத்தான்களையும் வரிசையாக அழுத்தினார்.

உணவு வந்தது. வெள்ளைத் துணி விரித்த தட்டில் கொர்வினா மீன் அல்லது லோமோ என்ற மாட்டிறைச்சி வறுவல். எடெல்மிரா சுல்காவின் பெயரில் ஏற்றிய லோமோவை மரியா பியா உண்டார். நன்றாக இருப்பதாகவும் சொன்னார். நான் என் தட்டிலிருந்த ரொட்டிகளையும் பாதாம்பருப்பையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பின்னால் நடந்தேன். எடெல்மிரா அங்கே கண்ணீர் வடித்துக்கொண்டிருப்பார் என்று எண்ணினேன். ஆறுதலுக்கு வேண்டிய சொற்களை வழியிலேயே தயாரித்துக்கொண்டும் போனேன்.

தயாரித்தது வீண். பின்பகுதியில் அந்த வரிசை மட்டும் கல்யாண வீடாக இருந்தது. நடுவில் எடெல்மிரா, இருபுறமும் எங்கள் தோழர்கள். மடியில் சோளப் பொட்டலம். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் வந்திருந்தது.

"வந்தாச்சு பாரு கோட்டையிலிருந்து ஒற்றர்" என்றார் காவினா. "கொண்டு வந்தது என்ன, ரொட்டியா? அந்தப் பட்டு ரவிக்கை மகராசி இங்க இருந்தப்பவே இந்த சீட்டுக்குக் கொடுத்த சாண்ட்விச்சைத் தின்னுட்டா. அங்க போயும் தின்னாளா?"

"லோமோ."

"ரெண்டு பந்தியிலயும் உக்காந்திருக்கா. இந்தம்மாவுக்கு ஒரு பந்தியிலயும் இலை இல்ல. தம்பிகிட்ட கேட்டா, இந்த சீட்டுக்குக் கொடுத்தாச்சுங்கிறான்."

எடெல்மிரா ரொட்டியை வாங்கி, முதலில் மற்றவர்களுக்குப் பிய்த்துக் கொடுத்தார். "எனக்கு ஒண்ணும் குறை இல்லம்மா. அங்க காலை நீட்டலாம், வாயைத் திறக்க முடியாது. இங்க காலை நீட்ட முடியல, வாய்க்கு எவ்வளவு இடம் பாருங்க." பிறகு காவினாவிடம் திரும்பினார். "நீங்க சங்கம் சங்கம்னு சொல்றீங்களே, அதுல என்னதான் செய்வீங்க?"

"சண்டை போடுவோம். சண்டை இல்லாத வாரம் யாருக்காவது பிறந்தநாள் வரும், கேக் வெட்டுவோம்."

"சண்டைல ஜெயிப்பீங்களா?"

"கேக்ல எப்பவும் ஜெயிப்போம்."

அந்தச் சிரிப்புக்கு நடுவில், இயல்பாக, வியர்க்கிறது என்று சொல்லி எடெல்மிரா ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார். கழற்றி, மடித்து, பைக்குள் வைத்தார். யாரும் அவருக்கு எதையும் போதிக்கவில்லை. நான் ஒரு துண்டுப் பிரசுரத்தைக்கூட நீட்டவில்லை. நீட்ட எடுத்த கையைக் காவினா பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் முன்னாலிருந்து அந்த அழுகை வந்தது.

அந்தோனெல்லா விழித்துக்கொண்டாள். பக்கத்தில் எடெல்மிரா இல்லை. தலைக்கு மேல் இரண்டு சென்யோராக்கள் கண்ணாடிக் கோப்பைகளை மோதிக்கொண்டு சிரிக்கிறார்கள். குழந்தை தன் அறிவுக்கு எட்டிய ஒரே போராட்டத்தைத் தொடங்கினாள். அழுகை திரைச்சீலையைத் தாண்டி, பின்வரிசைகளைத் தாண்டி, விமானத்தின் வால்வரைக்கும் போய் மோதித் திரும்பிற்று. எடெல்மிராவின் உடம்பு தானாகவே பாதி எழுந்தது. பிறகு, என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்தது.

வில்மர் ஓடி வந்தார். கழுத்துப் பட்டையில், குழந்தை தட்டிவிட்ட ஒரு கரண்டி காய்கறிக் கூழ்.

"எடெல்மிராம்மா, சென்யோரா கூப்பிடுறாங்க. சீக்கிரம்."

"எந்த சீட்டுக்குத் தம்பி?"

"சீட்டா?"

"என் சீட் காலியா இருக்கா, இல்ல நடுவழியில நின்னுக்கிட்டு குழந்தையைத் தூக்கணுமா? கேட்டுட்டு வா."

கேட்டது உரத்த குரலில் அல்ல. ஆயினும் எங்கள் வரிசையில் சோளம் மெல்லுகிற ஓசை நின்றது. வில்மர் முன்னால் ஓடினார். நான் அவர் பின்னால் திரைச்சீலை வரைக்கும் போய் நின்றேன். மரியா பியா கைகளைத் தட்டி ஏதோ பாடிக்கொண்டிருந்தார். பட்டு ரவிக்கையில் கூழ். ஹிமேனா குழந்தையைத் தூக்கியிருந்தார். குழந்தை வில்லாக வளைந்து நழுவிக்கொண்டிருந்தாள். அந்தத் தாயின் நெற்றியில் வியர்வை. பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கணத்தில் எனக்கு அவர்மேலும் இரக்கம் வந்தது. தம் குழந்தையைத் தாம் சமாதானப்படுத்தத் தெரியாமல் வளர்க்கப்பட்டதும் ஒரு வறுமைதான்.

"சீட் காலியா இருக்கான்னு கேக்குறாங்க சென்யோரா" என்றார் வில்மர்.

ஹிமேனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "யாரு, எடெலா? அவளா கேட்டா? இப்ப எழுந்து வரலைன்னா இறங்கினதும் வேலை கிடையாதுன்னு போய்ச் சொல்லு."

வில்மர் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தார். சொல்லி அனுப்பியதை ஒப்பித்தார். வேலை கிடையாது. எங்கள் நான்கு தோழர்களும் எடெல்மிராவைப் பார்த்தார்கள். எத்தனையோ வீட்டு வாசல்களில் கேட்ட சொல்தான் அது. கேட்கும்தோறும் வயிற்றில்தான் விழும். எடெல்மிராவின் கை சோளப் பொட்டலத்தைக் கசக்கியது. வேலை போனால் அன்றைக்குத் தூங்க இடமில்லை, தெரியாத நகரம், திரும்பிப் போகும் டிக்கெட் அவர்கள் கையில். அதே நேரம் அந்த அழுகை, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒருமுறை, "எதெ, எதெ" என்று அவர் பெயரின் துணுக்கை எடுத்து எறிந்துகொண்டிருந்தது.

"குழந்தை அழுறா" என்றார் எடெல்மிரா, தமக்குத்தாமே.

"உங்க இஷ்டம் அக்கா" என்றார் காவினா. இந்த முறை கேலி இல்லை. "நீங்க போனாலும் நாங்க தப்பா நினைக்க மாட்டோம். உக்காந்தாலும் மாட்டோம்."

"நான் போறேன்." எழுந்தார். சீருடையின் சுருக்கத்தை நீவி விட்டுக்கொண்டார். பைக்குள் இருந்த ஏப்ரனை எடுக்கவில்லை. "ஆனா உடனே எழுந்து வரலைன்னா வேலை கிடையாதுன்னாங்க; நான் உடனே எழுந்திரிக்கல, வேலை போச்சு இல்ல? அப்ப இறங்குற வரைக்கும் நான் வெறும் பயணிதான. பயணி தன் சீட்ல போய் உக்காரலாம்ல?"

"உக்காரலாம்" என்றார் காவினா.

"உக்காரலாமா தம்பி?"

வில்மரின் முதுகெலும்பு எங்கிருந்தோ திரும்பி வந்தது. "உக்காரணும்மா. விதி அப்படி."

எடெல்மிரா சுல்கா அந்த நடைவழியில் நடந்ததை நான் என் வாழ்நாளில் பார்த்த எந்த ஊர்வலத்தோடும் ஒப்பிடத் தயாராக இருக்கிறேன். கொடி இல்லை, முழக்கம் இல்லை. இருபுறமும் தலைகள் திரும்பின. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போய் மூன்றாம் வரிசையில் நின்றார். குழந்தை கைகளை நீட்டினாள். எடெல்மிராவின் கையும் பாதி நீண்டதை நான் கண்டேன். ஆனாலும் அவர் முதலில் திரும்பியது மரியா பியாவின் பக்கம்.

"எழுந்திரிங்க சென்யோரா. இது என் சீட்."

"எடெல்" என்றார் ஹிமேனா, மூச்சு வாங்க. "முதல்ல குழந்தையைத் தூக்கு. அப்புறம் பேசலாம்."

"வேலை கிடையாதுன்னு சொல்லி அனுப்பினீங்களாம். அப்படின்னா குழந்தை உங்க பொறுப்புங்க சென்யோரா. சீட் மட்டும்தான் என்னோடது."

அங்கே அமைதி விழுந்தது என்று எழுத ஆசைதான். அந்தோனெல்லா இருக்கும்போது அமைதி எப்படி விழும்? குழந்தை காது கிழியக் கத்தினாள். அப்போது எதிர்பாராத இடத்திலிருந்து நீதி தேவதை வாய் திறந்தாள். தொன் லெயாந்த்ரோ செய்தித்தாளை மடித்தார்.

"அம்மா தாயே, சென்யோரா. அந்த வார்த்தையைத் தயவுசெஞ்சு திருப்பி எடுத்துக்குங்க. இன்னும் பாதி ஆகாயம் பாக்கி இருக்கு."

"நீங்க தலையிடாதீங்க, இது எங்க வீட்டு விஷயம்."

"உங்க வீட்டு விஷயம் என் காதுக்குள்ள நடக்குதும்மா." பிறகு மரியா பியாவைப் பார்த்தார். "நீங்க எழுந்திரிங்க பொண்ணே. கூழ் வேற ஒழுகுது. அந்தம்மா உக்காரட்டும். அவங்களுக்கு சோறு போட்டாங்களா? போடலையா? முதல்ல போடுங்கப்பா."

முன்வரிசைக்காரர் "ஆமாம், ஆமாம்" என்றார். யாரோ "பேர் அவங்களுதுன்னா சீட் அவங்களுதுதானே" என்று என் வாக்கியத்தையே, தாமே கண்டுபிடித்தது போல, எடுத்து வைத்தார். என்னிடம் கேட்டால், மனச்சாட்சி திறக்காத கதவைக் காது வலி திறந்தது. எந்தச் சாவியில் திறந்தாலும் கதவு திறந்தால் போதும் என்பது சங்கக்காரியின் கொள்கை. அடுத்த நாள் மனச்சாட்சிக்கும் வேலை கொடுக்கலாம்.

மரியா பியா எழுந்தார். ஹிமேனா கண்ணை மூடித் திறந்தார். "சரி. கோவத்துல சொன்னது எடெல். வேலையெல்லாம் எங்கயும் போகல. உக்காரு."

எடெல்மிரா உட்கார்ந்தார். இம்முறை விளிம்பில் அல்ல. முதுகு இருக்கையின் அடிவரை போயிற்று. பையைத் தரையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினார். அந்தோனெல்லா தாயின் தோளிலிருந்து தாவி வந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு விக்கலில் அழுகையை முடித்துக்கொண்டாள். முன்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. எடெல்மிராவின் விரல் பொத்தானைத் தேடியது. கால் மெல்ல எழும்பியது. "அட" என்றார், யாரிடமும் இல்லாமல்.

வில்மர் உணவு அட்டையை இரு கைகளாலும் நீட்டினார். "என்ன சாப்பிடுறீங்க அம்மா? லோமோ தீர்ந்து போச்சு, மன்னிக்கணும். மீன் இருக்கு, சோளப் பணியாரம் இருக்கு."

அந்தக் கேள்வி எடெல்மிராவை நோக்கி வந்து எத்தனை ஆண்டுகள் ஆயினவோ. அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"மீன்ல காரம் இருக்குமா?"

"குறைவாத்தாம்மா இருக்கும்."

"அப்ப தனியா கொஞ்சம் அஹி மிளகாய் கொடு. எலுமிச்சம்பழமும். சோறு சூடா இருக்கணும், ஆறிப்போனது வேணாம். அதை நான் நிறைய சாப்பிட்டாச்சு." தொன் லெயாந்த்ரோவின் பக்கம் கண்ணைக் காட்டினார். "அவர் குடிச்சாரே, அந்த பிஸ்கோ, அதுவும் ஒண்ணு."

"குழந்தை மடியில இருக்கு எடெல்" என்றார் ஹிமேனா.

"குழந்தைக்கு வேணாங்க சென்யோரா. எனக்குத்தான்."

தொன் லெயாந்த்ரோ செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கினார். பின்னாலே திரைச்சீலை விலகி, அதற்கு அப்பால் காவினாவின் பெரிய முகம் தெரிந்தது. நான் தலையை அசைத்தேன். பின்பகுதியில் ஒரு வரிசை கைதட்டியது. காரணம் தெரியாமலே இன்னும் சில வரிசைகள் தட்டின. நம் ஆட்கள் விமானம் இறங்கினால்தான் தட்டுவார்கள். அன்று நடுவானிலேயே தட்டினார்கள், விமானி திகைத்திருப்பார்.

எடெல்மிரா மீனை முள் முள்ளாக ரசித்து உண்டார். பிஸ்கோவைப் பாதி குடித்தார். பிறகு, மெக்சிக்கோவின் மலைகள் தெரியும்வரை, படுக்கையாக நீண்ட தம் இருக்கையில், வாயை லேசாகத் திறந்துகொண்டு, மார்பில் குழந்தையோடு தூங்கினார். மரியா பியாவின் சினம் எங்கள் பெண்களுக்கு நடுவே நெடுநேரம் தாக்குப் பிடிக்கவில்லை என்றும், கடைசியில் சோளம் கேட்டு வாங்கித் தின்றார் என்றும் காவினா பிறகு சொன்னார்.

தரையில் இறங்கி விமானம் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஹிமேனா நடைவழியைத் தாண்டிச் சாய்ந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"இன்னிக்கு நடந்ததைப் பத்தி வீட்டுக்குப் போனதும் பேசணும் எடெல்."

எடெல்மிரா குழந்தையின் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"பேசலாங்க சென்யோரா. நீங்களும் உக்காந்துக்குங்க, நானும் உக்காந்துக்கிறேன். ஞாயித்துக்கிழமை லீவு பத்தியும் பேசிடலாம். பின்னாடி இருக்கிற அந்தம்மா நம்பர் வாங்கி வெச்சிருக்கேன். நமக்கு எதுனா புரியலைன்னா அவங்களைக் கேட்டுக்கலாம்."

அந்தப் பேச்சு நடந்தது. எளிதாக நடக்கவில்லை, காவினா இருமுறை போய் வரவேண்டியிருந்தது. எடெல்மிரா இன்றும் அதே வீட்டில் வேலை செய்கிறார். வேலை நேரம் எழுத்தில் இருக்கிறது, ஞாயிறு அவருடையது, பூங்காவுக்குப் பூப்போட்ட சட்டையில் போகிறார்.

என் சாட்சியம் முடிந்தது. இனி உங்கள் முறை. உங்கள் வீட்டில் வேலை செய்பவர் இந்த நேரத்தில் எங்கே நிற்கிறார் என்று எழுந்து போய்ப் பாருங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள், கேட்டுப் பழகாத கேள்விக்கு விடை வரச் சற்று நேரமாகும். அவருடைய வேலை நேரத்தையும் ஓய்வு நாளையும் இன்றைக்கே தாளில் எழுதி, அவர் படித்துப் பார்த்த பிறகு, உங்கள் கையெழுத்தை முதலில் போடுங்கள். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இருப்பார். போய்க் கதவைத் தட்டுங்கள்.